காற்றால் எழுப்பிய சுவர்

வட கடலில், ஜெர்மனியின் சில்ட் தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் ஃபினோ-3 என்ற ஆய்வு மேடை நிற்கிறது. காற்றாலைகளைக் கடலுக்குள் கொண்டுபோகும் முன் காற்றையும் அலையையும் அளப்பதற்காக எழுப்பிய மேடை அது. அதைத் தாங்குவது ஒரே ஒரு எஃகுத் தூண். 2008இல் அந்தத் தூணைக் கடல்தரைக்குள் அடித்து இறக்குவதற்கு முன்பு, துளையிட்ட குழாய் ஒன்றைத் தூணைச் சுற்றிப் பெரிய வளையமாகத் தரையில் கிடத்தினார்கள். கப்பலில் இருந்த கம்ப்ரஸர்கள் அதற்குள் காற்றைச் செலுத்தின. துளைகளிலிருந்து கிளம்பிய குமிழிகள் தரையிலிருந்து நீர்மட்டம் வரை தூணைச் சூழ்ந்துகொண்டன. பிறகே சம்மட்டி இறங்கியது. வளையத்துக்கு வெளியே மிதந்த ஒலிவாங்கிகளில் சத்தத்தின் ஆற்றல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

தடையில்லாமல் விட்டால் பத்து, இருபது கிலோமீட்டர் தாண்டியும் கேட்கிற அடி அது. அதை வெறும் காற்றுக் குமிழிகள் எப்படித் தடுத்தன? இதற்கு விடை காண, ஆழமில்லாத கடலில் ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆழ்கடலில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து அதை நடுநீரில் வளைத்து வைத்திருக்கும். தரையையோ மேற்பரப்பையோ தொடாமலே அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். கரையோரக் கடலில் அதற்கு வழியில்லை. முப்பது மீட்டர் ஆழத்தில் ஒலி மேலே போய் நீர்மட்டத்தில் மோதும், கீழே வந்து தரையில் மோதும், மறுபடி மேலே போகும். ஆகவே கரையோரத்தில் ஒலியின் விதியை எழுதுவது நீரைவிட அதன் இரண்டு எல்லைகள்தான்.

மேல் எல்லை எளிமையானது. நீருக்கும் காற்றுக்கும் ஒலியைக் கடத்தும் தன்மையில் ஏறக்குறைய 3,600 மடங்கு வேறுபாடு. கீழிருந்து செங்குத்தாக வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் தப்பிப் போகும். மற்ற எல்லாம் திரும்பிவிடும். திரும்பும்போது இன்னொன்றும் நடக்கிறது. அமுக்கமாகப் போன அலை தளர்ச்சியாகத் திரும்புகிறது. போகும் அலையும் திரும்பும் அலையும் நீர்மட்டத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், அங்கே ஒலியின் அழுத்தம் எப்போதும் சுழியத்தை ஒட்டியே இருக்கும்.

இதனால் ஒரு வியப்பான விளைவு உண்டு: மிகத் தாழ்ந்த ஒலிகள் ஆழமில்லாத கடலில் தூரம் போகவே முடியாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் 15 மீட்டர். 20 ஹெர்ட்ஸ் என்றால் 75 மீட்டர். மேலே அழுத்தம் சுழியமாகவும் கீழே தரையில் உச்சமாகவும் இருக்கும்படி அலை தன்னை அமைத்துக்கொள்ள, குறைந்தது கால் அலைநீளத்துக்கு மேல் ஆழம் வேண்டும். மணல் தரையுள்ள 30 மீட்டர் கடலில் இந்தக் கீழ் வரம்பு ஏறக்குறைய 27 ஹெர்ட்ஸ். 10 மீட்டர் கடலில் 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள ஒலி தரைக்குள் இறங்கிக் கரைந்துபோகும். மனிதன் எந்தக் கருவியும் இறக்குவதற்கு முன்பே கடல் தன் ஆழத்தைக் கொண்டு ஒலியைச் சலித்து வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதியவர் லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சைம் பெக்கரிஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மாரிஸ் யூயிங்கும் ஜோ வொர்செலும் ஆழமில்லாத கடலில் வெடிகளை வெடித்து, தொலைவில் அவற்றின் ஒலியைப் பதிவு செய்தார்கள். ஒரே ஒரு வெடி. ஆனால் ஒலிவாங்கியில் விழுந்தது ஒற்றை அதிர்வு இல்லை. தரை வழியாக வேகமாக ஓடிய தாழ்ந்த முழக்கம் முதலில் வந்தது. நீர் வழியாக வந்த கூர்மையான ஒலி அதன் பின்னால் வந்து சேர்ந்தது. நீர் ஒரு படலம், அதன் அடியில் வேகம் கூடிய இன்னொரு படலம் என்ற எளிய அமைப்பை வைத்து, 1948இல் வெளியான தன் கட்டுரையில் பெக்கரிஸ் இதை முழுவதும் விளக்கினார். இன்றும் கரையோர ஒலியியல் படிக்கும் மாணவர்கள் முதலில் போடுகிற கணக்கு அதுதான்.

கீழ் எல்லையான கடல்தரைதான் இந்தக் கதையில் சூட்சுமமானது. நீர் ஊறிய மணலில் ஒலி நொடிக்கு 1,700 மீட்டர் அளவில் ஓடும். நீரைவிட வேகம் கூடுதல் என்பதால், பள்ளியில் ஒளிக்குப் படித்த முழு அக எதிரொளிப்பு இங்கே ஒலிக்கும் நடக்கிறது. தரையோடு ஏறக்குறைய 28 பாகைக்குள் சாய்ந்து வரும் ஒலி மணலுக்குள் நுழையாமல் அப்படியே திரும்பிவிடும். அதைவிடச் செங்குத்தாக வருவது உள்ளே போய்விடும். சேற்றுத் தரையில் ஒலியின் வேகம் நீரில் உள்ளதை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ இருப்பதால் அங்கே இந்த மாறுநிலைக் கோணமே கிடையாது. ஒலி சேற்றில் அமிழ்ந்து தேயும். ஒரே ஆழம், ஒரே சத்தம். மணற்கடலில் ஒரு தூரம், சேற்றுக் கடலில் வேறு தூரம்.

இனி அந்தத் தூணுக்கு வருவோம். இன்றைய கடல் காற்றாலைகள் பலவும் ஒற்றைத் தூணில் நிற்கின்றன. எட்டு மீட்டர் விட்டம்கூட உள்ள எஃகுக் குழாய் அது. ஹைட்ராலிக் சம்மட்டி ஒரு தூணை இறக்கி முடிக்க ஆயிரக்கணக்கான அடிகள் அடிக்கும். ஒவ்வோர் அடியிலும் தூணின் தலை அமுங்குகிறது. அமுங்கிய இடம் மயிரிழை அளவுக்கு வெளிப்பக்கம் புடைக்கிறது. அந்தப் புடைப்பு எஃகின் வழியே நொடிக்கு 5,000 மீட்டர் வேகத்தில் கீழே ஓடுகிறது. நீரில் ஒலியின் வேகத்தைவிட இது மூன்று மடங்குக்கும் மேல். ஒலியை முந்தும் விமானம் தன் பின்னால் கூம்பு வடிவில் அதிர்ச்சியலையை விட்டுச் செல்வதைப்போல, இந்தப் புடைப்பும் நீரில் ஒரு கூம்பை விரிக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பெர் ரெய்ன்ஹாலும் பீட்டர் டாலும் 2011இல் இதைக் காட்டினார்கள். கூம்பின் ஒலி கிடைமட்டத்திலிருந்து சுமார் 17 பாகை கீழ்நோக்கிப் பாய்கிறது.

இந்த 17ஐயும் மேலே சொன்ன 28ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூணிலிருந்து கிளம்பும் ஒலி, மணல் தரை முழுதாகத் திருப்பி அனுப்பும் கோணத்துக்குள்ளேயே வந்து விழுகிறது. மேலே நீர்மட்டமும் அதைத் திருப்பி அனுப்பும். எஃகின் வேகமும் மணலின் வேகமும் தற்செயலாகச் சேர்ந்து, பைல் எனப்படும் இத்தகைய தூண்களை அடிக்கும் சத்தத்தை நெடுந்தூரம் கொண்டுபோகத் தோதான கால்வாயாகக் கரையோரக் கடலை ஆக்கிவிட்டன.

இந்தச் சத்தத்தின் எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நீருக்கடியில் 180 டெசிபெல் என்று படித்ததும் ஜெட் விமானத்தோடு ஒப்பிடும் வழக்கம் செய்தித்தாள்களில் உண்டு. அது தவறு. காற்றில் டெசிபெல்லை 20 மைக்ரோபாஸ்கலிலிருந்து அளக்கிறோம், நீரில் 1 மைக்ரோபாஸ்கலிலிருந்து. அந்த வேறுபாட்டுக்கு 26, நீர் காற்று என்ற ஊடக வேறுபாட்டுக்கு 36. ஆக ஏறக்குறைய 62 டெசிபெல் கழித்த பிறகுதான் இரண்டின் ஒலிச் செறிவையும் ஒப்பிடவே முடியும். கழித்த பிறகும் பைல் சத்தம் மிகப் பெரியதுதான். அதன் அளவை மிகைப்படுத்திச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

சரி, குமிழி என்ன செய்கிறது? இதை வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். சூடான பால் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் காபித் தூளைப் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு, உடனே டம்ளரின் அடிப்பாகத்தைக் கரண்டியால் விட்டுவிட்டுத் தட்டுங்கள். முதலில் மந்தமான, தாழ்ந்த ஒலி. சில நொடிகளில் ஒலி படிப்படியாக ஏறிக் கணீரென்று ஆகும். கலக்கும்போது உண்டான நுண்குமிழிகள் பாலுக்குள் ஒலியின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன; அவை மேலேறிக் கலையக் கலைய வேகம் மீள்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஃபிராங்க் கிராஃபோர்ட் 1982இல் இந்த விளைவை ஆராய்ந்து எழுதினார்.

காரணம் எளிது. ஒலியின் வேகம் இரண்டைப் பொறுத்தது: ஊடகம் எவ்வளவு கனமானது, எவ்வளவு அமுங்கக் கூடியது. குமிழி கலந்த நீரின் கனம் நீரின் கனம்தான். அமுங்கும் தன்மையோ காற்றிடமிருந்து வருகிறது. கனமும் உண்டு, விறைப்பும் இல்லை என்றால் ஒலி தள்ளாடும். நீரில் கன அளவில் நூற்றில் ஒரு பங்கு காற்று கலந்தாலே போதும். மேற்பரப்பு அழுத்தத்தில் ஒலியின் வேகம் 1,500 மீட்டரிலிருந்து சுமார் 120 மீட்டருக்கு விழுந்துவிடும். தனி நீரிலும் ஒலி இவ்வளவு மெதுவாக ஓடாது, தனிக் காற்றிலும் ஓடாது. ஆங்கிலேய இயற்பியலாளர் ஆல்பர்ட் வுட் 1930இல் எழுதிய பாடநூலில் இதற்கான சமன்பாடு இருக்கிறது.

குமிழிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது சுருங்கி விரிந்து, தனக்கென்று உரிய ஒலியை எழுப்பும். உட்ரெக்ட் நகரில் வானியலாளராக இருந்த மார்செல் மின்னார்ட் 1933இல் அதன் கணக்கைத் தந்தார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நீர்மட்டத்தருகே ஏறக்குறைய 3,260 ஹெர்ட்ஸில் துடிக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆரமென்றால் 326 ஹெர்ட்ஸ். ஓடையின் சலசலப்பு இந்தத் துடிப்புகளின் கூட்டுதான். வெளியிலிருந்து வரும் ஒலி தன் துடிப்போடு ஒத்துப்போனால் குமிழி அதன் ஆற்றலை வாங்கிச் சிதறடித்து வெப்பமாகவும் ஆக்கிவிடும். பைல் சத்தத்தின் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸில் இருப்பதால், சின்னக் குமிழிகள் அதை இந்த வழியில் விழுங்க முடியாது. அங்கே வேலை செய்வது முதலில் சொன்ன குணம்: வேகம் சரிந்த அந்த நீர்ப்படலம் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. கடலின் மேற்பரப்பு என்ன செய்கிறதோ அதையே செங்குத்தாகச் செய்ய வைக்கிறோம் என்று சொல்லலாம்.

போர்க் காலத்திலிருந்தே கடற்படைகள் இதை அறிந்திருந்தன. உயிரினங்களைக் காக்க இதைப் பயன்படுத்திய முன்னோடி முயற்சிகளில் ஒன்று 1996இல் ஹாங்காங்கில் நடந்தது. புதிய விமான நிலையத்துக்கு எரிபொருள் இறக்கும் முனையம் கட்டியபோது, அங்கு வாழும் இளஞ்சிவப்பு ஓங்கில்களுக்காக (டால்பின்கள்) குமிழித் திரை போட்டார்கள். ஆழம் 6 முதல் 8 மீட்டர்தான். மொத்தச் சத்தம் 3 முதல் 5 டெசிபெல் குறைந்தது; சில அலைவெண்களில் அதைவிட அதிகமாகக் குறைந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் இந்த நுட்பம் பெரிதாக வளரவில்லை. அதை வளர்த்தது ஜெர்மன் அனுமதி விதிகளில் ஏறிய ஓர் எண்.

வட கடலில் போர்பாய்ஸ் என்ற சிறு பாலூட்டி வாழ்கிறது. ஓங்கிலின் நெருங்கிய உறவு. ஒன்றரை மீட்டர் நீளம், ஐம்பது அறுபது கிலோ எடை. குளிர்ந்த நீரில் இவ்வளவு சிறிய உடலைச் சூடாக வைத்திருக்க அது இடைவிடாமல் தின்ன வேண்டும். டென்மார்க் கடலில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, ஒரு மணி நேரத்தில் 550 சிறு மீன்கள் வரை துரத்தியது தெரியவந்தது. 2016இல் வந்த ஆய்வு அது. இப்படிப்பட்ட உயிரைச் சத்தத்தால் மேய்ச்சல் இடத்திலிருந்து விரட்டுவது பட்டினி போடுவதற்குச் சமம். அதன் காது எவ்வளவு தாங்கும் என்பதை கிளாஸ் லூக்கேயும் குழுவும் டென்மார்க்கின் கெர்டமின்டே ஊரில் வளர்ப்பில் இருந்த ஒரு போர்பாய்ஸை வைத்து அளந்து 2009இல் வெளியிட்டார்கள். ஒற்றைத் துடிப்பின் ஒலியாற்றல் 164 டெசிபெல்லைத் தாண்டியதும் அதன் செவித்திறன் தற்காலிகமாக மங்கியது.

ஜெர்மனியின் கடல்சார் ஆணையம் அனுமதிப் பத்திரங்களில் எழுதிய எண் 160: தூணிலிருந்து 750 மீட்டரில் ஒவ்வோர் அடியின் ஒலியாற்றலும் 160 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. 2008இல் இது கட்டாயமானபோது, பெரிய தூண்களுக்கு அந்த அளவை எட்ட வைக்கும் கருவி எதுவும் சந்தையில் இல்லை. எண்ணைத் தளர்த்தும்படி கேட்பது எளிதாக இருந்திருக்கும். தளர்த்தவில்லை. ஆகவே பொறியாளர்கள் கருவியைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

தொடக்கம் சுலபமாக இல்லை. 2009இல் ஆல்ஃபா வென்டஸ் காற்றாலைப் பண்ணையில் தூணை ஒட்டினாற்போல் சிறிய திரை ஒன்றைச் சோதித்தார்கள். ஓத நீரோட்டம் குமிழிகளை ஒரு பக்கமாக அடித்துச் சென்றுவிட்டது. ஒரு திசையில் நல்ல பாதுகாப்பு, எதிர்த் திசையில் தூண் வெறுமையாக நின்றது. இதிலிருந்து பெரிய வளையமே சரி என்று தெளிந்தது. தள்ளிப் போட்ட வளையத்தில் குமிழிகள் நீரோட்டத்தில் சாய்ந்தாலும் தூண் உள்ளேயே இருக்கும். 2011, 2012இல் போர்க்கும் வெஸ்ட்-2 பண்ணையில் இந்தப் பெரிய திரையை வழக்கமான வேலைமுறையாகவே கையாண்டார்கள்.

அந்த வேலையின் அளவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நூறு மீட்டர் ஆரத்தில் வளையம் போட்டால் குழாயின் நீளம் 630 மீட்டர். மீட்டருக்கு நிமிடம் அரைக் கன மீட்டர் காற்று வேண்டுமென்றால் மொத்தம் நிமிடத்துக்கு 300 கன மீட்டருக்கு மேல். கப்பல் தளம் முழுக்கக் கம்ப்ரஸர்கள் வரிசையாக நிற்கும். கடலில் எண்ணெய் கலக்காதபடி எண்ணெய் இல்லாமல் ஓடும் வகை. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் அனுப்பிய காற்று நாலில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் வெளிவரும். ஆழம் கூடக் கூட காற்றும் செலவும் ஏறும். இந்த நுட்பம் கரையோரக் கடலுக்கே பொருந்துவது அதனால்தான். ஒரு வளையம் பத்துப் பதினைந்து டெசிபெல் குறைக்கும். ஒன்றுக்கு வெளியே இன்னொன்று போட்டால் பதினெட்டு வரை போகும்.

பலன் விலங்குகளிடமே தெரிந்தது. திரையில்லாமல் பைல் அடித்த இடங்களில் போர்பாய்ஸ்கள் இருபது கிலோமீட்டர் வரை விலகிப் போயிருந்தன. திரை போட்ட டான்டிஸ்க் பண்ணையில் அது 12 கிலோமீட்டராகக் குறைந்தது. அந்த 12 கிலோமீட்டருக்கும் முக்கியக் காரணம் பைலாக இல்லாமல் இருக்கலாம். வேலை தொடங்கும் முன் விலங்குகளை விலக்கி வைக்க நீருக்குள் ஒலிக்கவிட்ட எச்சரிக்கைக் கருவியே அவற்றை அவ்வளவு தூரம் விரட்டியிருக்கலாம். சம்மட்டி அடங்கியதும் எச்சரிக்கைக் கருவியே பெரிய தொல்லையாகத் தெரிந்தது. அதன் பிறகு மென்மையான கருவிகள் வந்தன.

திரையால் முடியாதவையும் உண்டு. தூணின் அடிப்பகுதி மண்ணுக்குள் இருப்பதால் அதிர்வின் ஒரு பங்கு தரை வழியே திரைக்கு அடியில் நழுவி அந்தப் பக்கம் மறுபடி நீருக்குள் ஏறுகிறது. வளையம் பெரிதாக இருந்தால் அது உள்ளேயே ஏறிவிடும். ஆனாலும் முழுதாகத் தடுக்க முடியாது. தரையில் கிடக்கும் நண்டு, சிப்பி, தட்டை மீன் ஆகியவற்றைத் தொடுவது அந்தத் தரை அதிர்வுதான். பல மீன்கள் அழுத்தத்தைவிட நீர்த்துகளின் அசைவையே உணர்கின்றன. விதியின் எண்ணோ அழுத்தத்தை மட்டும் அளக்கிறது. என் பார்வையில் ஜெர்மன் விதியின் பெரிய இடைவெளி இதுதான்: ஒரு பாலூட்டிக்காக எழுதிய எண்ணை எல்லா உயிருக்கும் போதும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது இன்னும் மேல். கவிழ்த்த வாளி வடிவிலான அடித்தளத்திலிருந்து நீரை உறிஞ்சி எடுத்தால், வெளிநீரின் அழுத்தமே அதை மண்ணுக்குள் இறக்கிவிடும், சம்மட்டியே வேண்டாம். 2014இல் போர்க்கும் ரிஃப்கிரண்ட்-1 பண்ணையில் ஒரு காற்றாலையை அப்படி நிறுத்திக் காட்டினார்கள். மண் இடம் கொடுக்கிற இடத்தில் அதையே முதலில் பரிசீலிக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்குத் தொலைவான செய்தி இல்லை. கடல் காற்றாலைகளுக்காக 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த நிதித் திட்டத்தில் 500 மெகாவாட் குஜராத் கடலுக்கு, 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு. நம் பக்கத்தில் கருதப்படுவது மன்னார் வளைகுடாவை ஒட்டிய தென்கடல். 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா அங்கே இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022இல் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. காற்றாலைகள் வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. வட கடலின் கணக்கை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது என்பதும் ஐயமில்லாதது. நம் தரை சில இடத்தில் பாறை, சில இடத்தில் பவளம், சில இடத்தில் சேறு. ஒலி ஒவ்வொன்றிலும் வேறு தூரம் போகும். நம் கடலின் இயல்பான சத்தமும் வேறு. சொடுக்கு இறால்கள் இரவும் பகலும் எழுப்பும் படபடப்பு வெப்பக் கடலின் அடையாளம். வட கடலில் அதற்கு இணையானது இல்லை. ஆவுளியாவின் காது எவ்வளவு தாங்கும் என்பதற்கு போர்பாய்ஸின் எண் பதில் சொல்லாது.

சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குக் கடலடிச் சத்தத்தை அளப்பதில் நீண்ட பழக்கம் உண்டு. முதல் தூண் இறங்கும் முன் மன்னார் வளைகுடாவின் சத்தத்தை எல்லாப் பருவத்திலும் அளந்து பதிவு செய்ய வேண்டும். அதைக் கொண்டு நமக்கான ஓர் எண்ணை வகுத்து ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுத வேண்டும். 750 மீட்டரில் ஒலிவாங்கி வைத்து அளந்த அளவீடுகளை மீனவர்களும் ஆய்வாளர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாத குமிழித் திரையை எந்த நிறுவனமும் தன் செலவில் போடாது. ஆகவே அந்த எண் முதலில் வரட்டும். சம்மட்டி அதற்குப் பிறகு வரட்டும்.